குருதி செல்லும் வழிகள்

ஓர் ஊரின் வளம் அவ்வூர் ஏரியின் பெருமையால் மட்டும் அமைவதன்று. ஏரி நிரம்பித் ததும்பினும், மதகு வழியே விடப்பட்ட நீர் வாய்க்காலில் ஓடிக் கடைமடை வரை சென்று சேராவிடின் பயிர் வாடும். சென்ற நீர் வடிகால் வழியே வெளியேறாது வயலிலேயே தேங்குமாயின் பயிர் அழுகும். வாடும் பயிருக்கு வேண்டுவது நீர்; அழுகும் பயிருக்கு வேண்டுவது வடிகால். இவற்றை மாற்றிச் செய்யும் உழவன் உள்ள பயிரையும் இழப்பான்.

மனித உடம்பும் இத்தகையதே. உடம்பாகிய நிலத்திற்குக் குருதியாகிய நீரை இடையறாது இறைத்துக் கொடுப்பது இதயம். அஃது ஒரு நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறை துடித்து, ஏறக்குறைய 5 லிட்டர் குருதியை வெளியே செலுத்துகிறது. ஒரு நாளில் அது செலுத்தும் அளவு ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆகும். இத்துணைக் குருதி உடம்பில் உண்டோ எனின், இல்லை. வளர்ந்த ஒருவர் உடம்பில் இருப்பது ஏறக்குறைய 5 லிட்டரே. அந்த ஐந்து லிட்டரே போவதும் வருவதுமாக மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. போகும் வழி தமனி எனப்படும்; மீளும் வழி சிரை எனப்படும். இரண்டையும் இணைத்து நிற்கும் மயிரினும் மெல்லிய குழாய்கள் தந்துகிகள் எனப்படும். இவ்வழிகளில் நேரும் குறைகள் எவை, அவற்றை அறிவது எவ்வாறு, தீர்ப்பது எவ்வாறு என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பெயரும் பொருளும்

கையிலும் காலிலும் தோலின்கீழ் நீல நிறமாகத் தோன்றும் குழாய்களை மக்கள் ‘நரம்பு’ என்றே வழங்குகின்றனர். காலில் அவை புடைத்து வளைந்தால் ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்பர். ஊசி போடுவதற்குக் குழாய் தென்படாவிடின் ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்பர். இவ்வழக்குப் புதிதன்று. யாழில் கட்டிய தந்தியையும் தமிழர் நரம்பு என்றே அழைத்தனர். நீண்டு மெலிந்த இழைபோன்ற பொருள்கள் பலவற்றிற்கும் அச்சொல் பொதுவாக நின்றது. ஆயினும் இக்கால உடலியல், நரம்பு வேறு, குருதிக் குழாய் வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே செய்தி சுமப்பது நரம்பு. குருதி சுமப்பது நாளம். இவ்வேறுபாடு அறியாமையால் நாளத்தில் நோய் இருக்க, நரம்பு வலுப்பெற மருந்து தேடி அலைந்து காலத்தை வீணாக்குவோர் உளர்.

மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே விரல்வைத்து மருத்துவர் பார்ப்பது நாடி. நம் சித்த மருத்துவர் அங்கு மூன்று விரல்களை வைத்து வளி, அழல், ஐயம் என்னும் மூன்றன் நிலையை ஆராய்வர். அங்கே துடிப்பது தமனி. இதயம் குருதியைத் தள்ளுந்தோறும் அவ்விசை அலையாகப் பரவித் தமனியின் சுவரை உந்துகிறது. அதனைத் தாங்குதற்கேற்பத் தமனியின் சுவர் தடித்தும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் இயல்புடையதாயும் அமைந்துள்ளது. சிரையின் சுவரோ மெல்லியது. அதில் அத்துடிப்புத் தோன்றுவதில்லை. ஓய்ந்திருக்கும் உடம்பில், குருதியின் மூன்றில் இரண்டு பங்களவு சிரைகளிலேயே தங்கியிருக்கும்.

சுற்றோட்டம் கண்டறிந்த வரலாறு

குருதி சுற்றி வருகிறது என்பது இன்று சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால் அதனை உலகம் உணர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த காலன் என்னும் பேர்பெற்ற மருத்துவர், கல்லீரலில் குருதி புதிது புதிதாக உண்டாகி, உறுப்புகளுக்குச் சென்று அங்கேயே செலவாகிவிடுகிறது என்று எழுதினார். ஆயிரத்துநானூறு ஆண்டுகள் ஐரோப்பிய மருத்துவர் அதனையே நம்பினர்.

இத்தாலி நாட்டுப் பாதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபேப்ரீசியசு என்பவர், சிரைகளின் உட்புறத்தில் இதழ்போன்ற சிறு கதவங்கள் இருப்பதை ஆராய்ந்து 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவை எதற்காக அமைந்தன என்பதை அவர் சரிவர உணரவில்லை. குருதி கால்களில் மிகுதியாக இறங்கிவிடாமல் தடுப்பதே அவற்றின் வேலை என்று எண்ணினார். அவரிடம் பயின்ற ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி, ஆசிரியர் காட்டிய கதவங்களின் உண்மைப் பயனைக் கண்டார். கதவங்கள் யாவும் இதயத்தை நோக்கியே திறந்தன. ஆகவே சிரையில் ஓடும் குருதி இதயத்தை நோக்கியே செல்லுதல் வேண்டும் அன்றோ?

ஹார்வி கணக்கிட்டும் பார்த்தார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியைத் துடிப்புகளின் தொகையால் பெருக்கினார். அரை மணி நேரத்தில் வெளியேறும் அளவே உடம்பிலுள்ள மொத்தக் குருதியினும் மிகுதியாக வந்தது. உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு குருதி அத்துணை விரைவில் உண்டாதல் இயலாது. எனவே சென்ற குருதியே மீண்டு வருகிறது என்று முடிவு கட்டினார். 1628இல் பிராங்க்பர்ட்டு நகரில் இலத்தீன் மொழியில் அச்சான அவர் நூல் 72 பக்கமே உடையது. எனினும் மருத்துவ உலகின் போக்கையே மாற்றியது.

அவர் காட்டிய சோதனை ஒன்றை எவரும் தம் கையிலேயே செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்துத் தோன்றும் சிரையொன்றை ஒரு விரலால் அழுத்துக. மற்றொரு விரலால் அதிலுள்ள குருதியை முழங்கைப் பக்கமாக வழித்து விடுக. வழித்த பகுதி வெறுமையாகும். மேலே சென்ற குருதி, கதவம் மூடிக்கொள்வதால், கீழே இறங்காது. அழுத்திய விரலை எடுத்தவுடன் கீழிருந்து குருதி ஏறி அவ்விடத்தை நிரப்பும். நூற்றுக்கணக்கான ஆண்டுகள் அறிஞர் கண்ணுக்குத் தப்பிய உண்மை இஃதே.

தமனியிலிருந்து சிரைக்குக் குருதி எவ்வழியாகச் செல்கிறது என்பதை ஹார்வி கண்ணாற் காணவில்லை. அவர் 1657இல் மறைந்தார். நான்காண்டுகள் கழித்து, 1661இல், மால்பிகி என்னும் இத்தாலிய அறிஞர் தவளையின் நுரையீரலை நுண்நோக்கியில் வைத்து நோக்கித் தந்துகிகளைக் கண்டு வெளியிட்டார். சுற்று நிறைவுற்றது.

மேலேறும் குருதி

பாதம் வரை இறங்கிய குருதி மீண்டும் நெஞ்சுவரை ஏற வேண்டும். நீர் பள்ளத்தை நாடுவது இயல்பு. மேட்டில் ஏற்றுதற்கு விசை வேண்டும். தந்துகிகளைக் கடந்த பின்னர் இதயத்தின் விசை பெரிதும் தளர்ந்து விடுகிறது. அவ்வாறாயின் குருதியை மேலே ஏற்றுவது யாது? கெண்டைக்கால் தசையே அப்பணியைச் செய்கிறது. நடக்கும்போது அத்தசை இறுகித் தன்னிடையே உள்ள சிரைகளைப் பிழிகிறது. பிழியப்பட்ட குருதி மேலே எழுகிறது. தசை தளரும்போது அது கீழே விழாதவாறு கதவங்கள் மூடிக்கொள்கின்றன. அடுத்த அடியில் அது மேலும் ஒரு படி ஏறுகிறது. இதனால் கெண்டைக்காலை ‘இரண்டாம் இதயம்’ என்று மருத்துவர் கூறுவர்.

அசையாது நிற்பவரின் கணுக்காற் சிரையில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உயர்கிறது. நடக்கத் தொடங்கியதும் அது 30 அல்லது அதற்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடத்தலைக் காட்டிலும் நின்றுகொண்டேயிருத்தல் கால்களுக்குத் துன்பமாவதன் காரணம் இதனால் விளங்கும்.

சிரைகளில் தோன்றும் நோய்கள்

கதவங்கள் பழுதுற்றால் ஏறிய குருதி மீண்டும் இறங்கித் தேங்கும். தேங்கிய குருதியின் அழுத்தத்தால் சிரை விரியும். விரிந்த சிரையில் கதவங்களின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமையால் தேக்கம் மேலும் மிகும். இவ்வாறு தோலின்கீழ்ச் சிரைகள் கயிறுபோல் புடைத்து முறுக்கிக்கொள்ளுதல் சுருள்சிரை நோய் எனப்படும். துணிக்கடையில் விற்பனை செய்வோர், முடிதிருத்துவோர், போக்குவரத்துக் காவலர், ஆசிரியர், சமையல் தொழிலாளர் போன்று நெடுநேரம் நிற்போரிடமும், பலமுறை கருவுற்ற மகளிரிடமும், உடல் பருத்தோரிடமும், பெற்றோர்க்கு இந்நோய் இருந்த மக்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

தொடக்கத்தில் மாலை வேளையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், இரவில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். காலை உயர்த்திப் படுத்தால் இவை தணியும். நோய் முதிர்ந்தால் கணுக்காலின் உட்புறத்திற்குச் சற்று மேலே தோல் கறுத்துத் தடித்து அரிக்கும். அவ்விடத்தில் தோன்றும் புண் எளிதில் ஆறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் புண்ணுக்கு மருந்து தடவியும் ஆறாமைக்குக் காரணம், புண்ணைப் பேணி அதனை உண்டாக்கிய தேக்கத்தைப் பேணாமையே ஆகும்.

இந்நோய்க்குச் செய்யத்தக்கவை பல. நாள்தோறும் நடத்தல், நின்று பணி செய்வோர் இடையிடையே குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல், அமர்ந்தும் படுத்தும் ஓய்வு கொள்ளும்போது காலை உயர்த்தி வைத்தல், மருத்துவர் அளந்து கொடுக்கும் இறுக்கக் காலுறையைக் காலையில் அணிந்து இரவில் கழற்றுதல் ஆகியவை முதற்படி. இவற்றால் துன்பம் குறையுமேயன்றி, பழுதான கதவம் சீர்படுவதில்லை. அதற்குப் பழுதுற்ற சிரையையே அடைத்தோ அகற்றியோ விட வேண்டும். முற்காலத்தில் அறுவையால் அதனை உருவி எடுத்தனர். இக்காலத்தில் மெல்லிய குழாயைச் சிரையினுள் செலுத்தி, லேசர் ஒளியின் வெப்பத்தாலோ ரேடியோ அலையின் வெப்பத்தாலோ அதனை உள்ளிருந்தே மூடிவிடுகின்றனர். சிறு சிரைகளை ஊசி மருந்தால் சுருங்கச் செய்கின்றனர். ஒரு சிரையை மூடிவிட்டால் குருதி செல்ல வழியுண்டோ என்று ஐயுறுதல் வேண்டா. காலின் குருதியில் பெரும்பங்கைச் சுமப்பவை உள்ளே ஆழத்தில் அமைந்த சிரைகளே. பழுதான வழி அடைபடவே, குருதி நல்ல வழியில் செல்லும்.

புடைத்த சிரை கீறுண்டால் குருதி பீறிட்டு வரும். அப்போது அஞ்சி ஓடாமல், உடனே படுக்க வைத்துக் காலை உயரத் தூக்கி, தூய துணியை அவ்விடத்தில் வைத்துக் கையால் விடாது அழுத்துதல் வேண்டும். பெரும்பாலும் அதனாலேயே குருதி நிற்கும். பின்னர் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

சுருள்சிரையினும் அச்சம் தருவது ஆழ்சிரையில் குருதி உறைதல். அறுவைக்குப் பின் நெடுநாள் படுத்திருப்போர், கால் எலும்பு முறிந்தோர், மகப்பேற்றுக் காலத்து மகளிர், புற்றுநோயாளர், பல மணி நேரம் அசையாது பயணம் செய்வோர் ஆகியோர்க்கு இது நேரலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, வெதும்பி, வலிக்குமாயின் இதனை ஐயுறுதல் வேண்டும். உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் திடீர் மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் உண்டாகும். உயிர்க்கே இறுதி நேரலாம். வீங்கிய காலை எண்ணெயிட்டுப் பிசைந்து நீவுதல் கூடாது. அது கட்டி பெயர்தற்கு வழியாகக் கூடும்.

உறைதலைத் தடுக்கும் மருந்துகளில் இரண்டின் வரலாறு அறியத்தக்கது. 1916இல் அமெரிக்க மருத்துவ மாணவர் ஒருவரின் ஆய்விலிருந்து ஹெப்பாரின் என்னும் மருந்து தோன்றியது. 1920களில் கனடாவிலும் வட அமெரிக்காவின் பிற பகுதிகளிலும் கெட்டுப்போன தீவனப்புல்லை உண்ட மாடுகள் குருதி நில்லாமல் மடிந்தன. அப்புல்லில் இருந்த நச்சுப்பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவர் பின்னாளில் பிரித்தெடுத்தார். அந்த ஆய்வின் வழியே வார்ஃபரின் பிறந்தது. முதலில் எலிகளைக் கொல்லப் பயன்பட்ட அப்பொருள், அளவறிந்து கொடுக்கப்பட்டபோது மாந்தரைக் காக்கும் மருந்தாயிற்று. அளவே நஞ்சையும் மருந்தையும் பிரிக்கிறது. ஆதலால் இவற்றை உண்போர் மருத்துவர் சொல்லாமல் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

தமனிகளில் தோன்றும் நோய்கள்

சிரைநோய் தேக்கத்தால் வருவது. தமனி நோயோ வறட்சியால் வருவது. தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகுகிறது. புகையிலை, நீரிழிவு, குருதிக் கொதிப்பு, மிகுகொழுப்பு ஆகிய நான்கும் இதனை விரைவுபடுத்துவன. இதயத் தமனி அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குச் செல்லும் தமனி அடைபட்டால் பக்கவாதம். காலின் தமனி அடைபட்டால் கால் அழுகல். இடம் வேறாயினும் நோய் ஒன்றே. ஆகவே காலில் தமனி அடைப்புள்ளவர், தம் இதயத்திற்கும் மூளைக்கும் வரவிருக்கும் கேட்டினை முன்னரே அறிவிக்கப் பெற்றவராவர்.

காலின் தமனி குறுகியவர் குறிப்பிட்ட தொலைவு நடந்தவுடன் கெண்டைக்காலில் பிடித்திழுக்கும் வலியை உணர்வர். சில நிமிடம் நின்றால் வலி நீங்கும். மீண்டும் அவ்வளவு தொலைவு நடந்தால் மீண்டும் வரும். உழைக்கும் தசைக்கு வேண்டிய குருதி வந்து சேராமையே காரணம். நோய் முதிர்ந்தால் படுத்திருக்கும்போதும் பாதம் எரிந்து வலிக்கும். கட்டிலின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டால் சற்றுத் தணியும். பாதம் குளிர்ந்து வெளிறும். விரல் நுனியில் சிறு புண் தோன்றி ஆறாது கறுக்கும். புகைபிடிக்கும் இளைஞர்க்குக் கை கால்களின் சிறு தமனிகளையும் சிரைகளையும் அடைக்கும் ஒருவகை நோயும் உண்டு. 1908இல் அதனை விரித்தெழுதிய பர்கர் என்பாரின் பெயரால் அது வழங்கும். பீடியையும் சுருட்டையும் சிகரெட்டையும் முற்றும் விட்டொழித்தலே அதற்குத் தலையாய மருந்து. ஒன்றிரண்டு குடிப்பேன் என்பார் ஒவ்வொரு விரலாக இழப்பதும் உண்டு.

தமனி நோய்க்கும் முதல் மருத்துவம் நடையே. வலி வரும் வரை நடந்து, நின்று, தணிந்தபின் மீண்டும் நடத்தலை நாள்தோறும் மேற்கொள்வார்க்குச் சில திங்களில் நடக்கும் தொலைவு நீளும். குருதித் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்தும், கொழுப்பைக் குறைக்கும் மருந்தும், சர்க்கரையையும் கொதிப்பையும் அடக்கும் மருந்தும் உடன் வேண்டும். இவற்றால் தீராவிடின் அடைப்பை நீக்க வேண்டும்.

அடைப்பை நீக்கும் கலை தோன்றியதற்குக் காரணம் ஒரு கொலை. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்துண்டார். வயிற்றிலுள்ள பெருஞ்சிரை அறுபட்டது. அறுபட்ட நாளத்தைத் தைக்கும் முறையை மருத்துவர் அன்று அறியாமையால் அவர் உயிர் துறந்தார். அந்நகரில் பயின்றுவந்த அலெக்சிஸ் கேரல் என்னும் இளைஞர், இதனைத் தைக்க இயலாதோ என்று எண்ணினார். பூத்தையல் வேலையில் தேர்ந்த பெண்மணி ஒருவரிடம் சென்று மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளக் கற்றார். நாளத்தின் வட்டமான வாயை மூன்றிடங்களில் நூலிட்டு இழுத்து முக்கோணமாக்கி, நேர்கோட்டில் தைக்கும் முறையைக் கண்டு 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

அத்தையற்கலையைத் துணைக்கொண்டு, 1948இல் பாரிசு நகரில் குன்லின் என்பவர் அடைபட்ட தொடைத் தமனிக்கு மாற்றாக அந்நோயாளியின் சிரையையே எடுத்து இணைத்துக் குருதிக்குப் புறவழி அமைத்தார். அவ்வாறு இணைக்கும்போது சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். அன்றேல் அதிலுள்ள கதவங்கள் குருதியை மறித்துவிடும். ஹார்வி கண்ட உண்மை முந்நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் காலைக் காத்தது. 1967இல் அமெரிக்காவில் ஃபவலோரோ என்பவர் காற்சிரையை எடுத்து இதயத்திற்குப் புறவழி அமைக்கும் முறையைக் கையாண்டு பரப்பினார்.

அறுக்காமலே அடைப்பை நீக்க வழியில்லையா என்னும் வினாவிற்கு விடை 1964 ஜனவரியில் கிடைத்தது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியது. காலை எடுத்துவிட வேண்டும் என்றனர் அறுவை மருத்துவர், அவர் உடன்படவில்லை. சார்லஸ் டாட்டர் என்னும் மருத்துவர், தோலில் சிறு துளையிட்டு, மெல்லிய கம்பியைத் தமனியினுள் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களைச் செலுத்திக் குறுகிய வழியை விரித்தார். சிறிது நேரத்தில் பாதம் வெதுவெதுப்புற்றது. நாளடைவில் புண் ஆறியது. அம்மூதாட்டி தம் காலாலேயே நடந்து எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். 1977இல் சூரிச்சு நகரில் குருன்சிக் என்பவர் ஊதிப் பருக்கும் சிறு பலூனால் இதயத் தமனியையும் இம்முறையில் விரித்தார். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது.

நோயறிந்து மருந்து செய்தல்

நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே பொருந்துமாறு மருத்துவம் செய்ய வேண்டும் என்பது வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்திற் காட்டும் முறை. நாள நோய்களில் அம்முறை இன்றியமையாதது.

கால்வலி என்று இருவர் வருகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் நாள் முழுதும் கடையில் நிற்பவர். நின்றால் வலி மிகுகிறது. காலை உயர்த்தினால் குறைகிறது. கால் வீங்கி வெதுவெதுப்பாக உள்ளது. புண் கணுக்காலின் உட்புறத்தில் உள்ளது. மற்றவர் நெடுநாள் பீடி குடித்தவர். நடந்தால் வலி மிகுகிறது, நின்றால் குறைகிறது. காலை உயர்த்தினால் வலி கூடுகிறது, தொங்கவிட்டால் தணிகிறது. பாதம் குளிர்ந்துள்ளது, புண் விரல் நுனியில் உள்ளது. முன்னவர்க்குச் சிரையில் நோய். பின்னவர்க்குத் தமனியில் நோய்.

முன்னவர் இறுக்கக் காலுறை அணிந்து நலம் பெறுகிறார். அதனைக் கண்ட பின்னவர், ‘நமக்கும் கால்வலிதானே’ என்று அவ்வுறையைத் தாமும் இறுக அணிந்தால் நேர்வது யாது? சிறிதளவே வந்துகொண்டிருந்த குருதியும் தடைப்பட்டுக் கால் அழுகும். ஒருவர்க்கு மருந்தானது மற்றவர்க்கு நஞ்சாகும். ஆதலால் இறுகக் கட்டுவதற்கு முன் பாதத்தின் மேற்புறத்திலும் உட்கணுக்காலின் பின்புறத்திலும் நாடி துடிக்கிறதா என்று மருத்துவர் தொட்டுப் பார்க்கின்றனர். கணுக்காலின் குருதி அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுகின்றனர். கணுக்காலின் அளவு கையின் அளவில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் குறைந்தால் தமனி குறுகியுள்ளது என்பது பொருள். ஒலியலைக் கருவியால் குருதியின் ஓட்டத்தைக் கண்ணாரக் காண்பதும் இக்காலத்தில் எளிது. இரு நோயும் ஒருங்கே உடையாரும் உண்டு. நீரிழிவு உடையார்க்கு உணர்ச்சி மங்குவதால் வலி தோன்றாமலே கேடு முதிர்வதும் உண்டு. ஆகவே அவர்கள் நாள்தோறும் தம் பாதத்தைக் கண்ணால் நோக்குதல் வேண்டும்.

சில குறிகள் கண்டால் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. கால் திடீரென வலித்து, வெளிறி, சில்லிட்டு, உணர்விழந்தால் பெருந்தமனி அடைபட்டது என்று அறிக. சில மணி நேரத்திற்குள் வழி திறக்காவிடின் காலைக் காத்தல் அரிது. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் குறிகள். நடுநெஞ்சில் அழுத்தும் வலியும் வியர்வையும் மாரடைப்பின் குறிகள். இவற்றிற்குக் கைமருந்து தேடாமல் 108 என்னும் எண்ணில் ஊர்தியை அழைத்து மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

வருமுன் காத்தல்

நோய் வந்தபின் தீர்த்தலினும் வாராமற் காத்தல் எளிது, செலவும் இல்லாதது. புகையிலையை எவ்வடிவிலும் தீண்டாமை, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடத்தல், உப்பையும் கொழுப்பையும் அளவோடு உண்டல், உடல் பருக்காமல் பேணுதல், நாற்பது வயதை எட்டுமுன்பே குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்த்தல் ஆகியவை தமனியையும் சிரையையும் ஒருங்கே காக்கும். நெடும்பயணத்தில் இடையிடையே எழுந்து நடப்பதும், கணுக்காலை அசைப்பதும் நன்று.

வாய்க்காலையும் வடிகாலையும் ஆண்டுதோறும் தூர்வாரிக் காப்பது ஊரார் கடமை. உடம்பினுள் ஓடும் வழிகளைக் காப்பது அவரவர் கடமை. வீட்டில் பெரியோர் ‘கால் வலிக்கிறது’ என்று சொல்லும்போது, அது முதுமையின் இயல்பென்று தள்ளிவிடாமல், நிற்கும்போது வலிக்கிறதா, நடக்கும்போது வலிக்கிறதா என்று ஒரு சொல் கேட்டறியும் மாணவர், அவர்தம் காலையும், ஒருகால் உயிரையும் காத்தவராவர்.

வினாக்கள்

1. தமனிக்கும் சிரைக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. குருதி சுற்றி வருகிறது என்பதை ஹார்வி எக்கணக்கால் நிறுவினார்?
3. கெண்டைக்கால் ‘இரண்டாம் இதயம்’ எனப்படுவது ஏன்?
4. புறவழி அமைக்கும்போது சிரையைத் தலைகீழாகத் திருப்பி வைப்பது ஏன்?
5. ‘ஒருவர்க்கு மருந்தானது மற்றவர்க்கு நஞ்சாகும்’ — இதனைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.